மாமியார் இல்லாத இரண்டாம் பாகம்

படத்தின் முதல் பாகத்தில் வந்த வாயாடி மாமியாரைப் பார்க்க ஊரே திரண்டபோது, தியேட்டர் கேன்டீன்காரி பாப்கார்ன் தீர்ந்து கையைப் பிசைந்து நின்றாள். இரண்டாம் பாகத்துக்கு இடுப்பளவு பொரித்துக் குவித்துவிட்டு, கால் தரையில் பாவாமல் திரிந்தாள்.

“படம் ஊத்திக்கிச்சுன்னா இவ்வளவையும் நீதான் தின்னணும்,” என்றான் புருஷன். அங்கே படம் ஓட்டுகிற ஆபரேட்டர் அவன்தான்.

இடைவேளைக்கு முன்பே கும்பல் வெளியே வந்தது.

“என்னக்கா அநியாயம், மாமியாரை முதல் சீன்லயே சாகடிச்சுட்டாங்க! அந்தம்மாவுக்காகத்தானே வந்தோம்? அப்புறம் ஒரே வெட்டுக்குத்து. பாப்கார்னாவது குடுங்க.”

குவியல் மளமளவென்று கரைந்தது. கடைசிப் பொட்டலத்துக்குக் கை நீட்டியவன் புருஷன்.

“யோவ், படத்த யாரு ஓட்டறா?”

“அது பாட்டுக்கு ஓடுது. பாக்கத்தான் ஆளில்ல.”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கடையைச் சாத்திவிட்டு, பொட்டலமும் புருஷனுமாக உள்ளே போய் நட்டநடு சீட்டில் உட்கார்ந்தாள்.