பஸ்ஸு காத்த புல்

நாலு பக்கமும் திறந்து கிடக்கும் ஓர் இடத்தில் ஒருவன் அடைபட்டுக் கிடக்க முடியுமா? பஸ்ஸு என்பவனை அறிந்த எங்கள் மலைக்காரர்கள் எல்லோரும் எப்போதாவது இந்தக் கேள்வியில் போய் முட்டியிருப்பார்கள். முடியாது என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் ஒரு பருவம் முழுக்க அங்கே தனியாக இருந்து பார்த்தவர்கள் அல்ல.

பஸ்ஸுவைப் பெரிய மனிதன் என்று நான் சொல்லவில்லை. மலையடிவாரப் பட்டணமான பெனி மெல்லாலில், பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு தேநீர்க்கடையில் பரிமாறிக்கொண்டிருந்தான். வாய் ஓயாது. அவன் மேசைக்கு வருவதற்குள்ளேயே ஆட்கள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். சின்ன வயதிலேயே மலையை விட்டு இறங்கியவன். தன் மேல் ஆட்டு வாடை இல்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அண்ணன் ஸைத், கூரையில் சேர்ந்த பனியைத் தள்ளும்போது வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார் என்று தகவல் போயிற்று. பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்தான். வந்த நேரம் தப்பு. அக்தாலை மூடும் நாள் நெருங்கியிருந்தது.

அக்தால் என்பது எங்கள் ஊரும் மேற்குச் சரிவு ஊரும் பங்கு போட்டுக்கொள்ளும் உச்சிப் புல்வெளி. பனி கரைந்த நாளிலிருந்து புல் முற்றி விதை உதிரும்வரை ஓர் ஆடுகூட அதற்குள் கால் வைக்கக் கூடாது. ஊருக்கு ஒரு காவலாள். வீட்டு முறைப்படி வருவது. அந்த ஆண்டு ஸைதின் வீட்டு முறை. அந்த வீட்டில் நடக்க முடிந்த ஆண் பஸ்ஸு ஒருவன்தான்.

ஊர்ச்சபை மசூதிக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தது. அந்த ஆண்டின் தலைவர் ஹத்து அவனைக் கூப்பிட்டார்.

"உங்க வீட்டு முறைப்பா. அண்ணனால முடியாது. நீ இருக்கியே."

"நான் விருந்தாளி, ஹத்து மாமா. சனிக்கிழமை பஸ் ஏறணும்."

"பொறந்த வீட்டுல எவன்டா விருந்தாளி?"

"மாமா, எனக்கு ஆட்டுக்கும் மாட்டுக்கும் வித்தியாசமே மறந்துபோச்சு."

"ரெண்டுமே உள்ள வரக் கூடாது. அதனால வித்தியாசம் தெரிய வேண்டியதில்ல" என்றார் ஹத்து. எல்லோரும் சிரித்தார்கள். பஸ்ஸுவும் சிரித்தான். பழக்கம்.

வேறு வீட்டோடு முறையை மாற்றிக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தான். ஹத்து தலையை ஆட்டிவிட்டார். "மாத்த ஆரம்பிச்சா காசு இருக்கிறவன் வீடு வருஷம் பூரா தூங்கும். இல்லாதவன் மேலேயே கிடப்பான்."

விதி சுருக்கமானது. யாருடைய மந்தையாவது உள்ளே நுழைந்தால், அதிலிருந்து ஓர் ஆட்டைப் பிடித்து அங்கேயே அறுத்துச் சாப்பிடும் உரிமை காவலாட்களுக்கு உண்டு. ஆனால் காவலாளே தன் வீட்டு ஆட்டை விட்டாலோ, காவலை விட்டு இறங்கினாலோ, அந்த வீட்டு மந்தைக்கு அந்தக் கோடை முழுக்க அக்தால் கிடையாது. கோடைப் புல் இல்லாத மந்தையை இலையுதிர் காலத்துக்குள் விற்றுவிட வேண்டியதுதான். ஸைதுக்கு அந்த ஆடுகளை விட்டால் வேறொன்றும் இல்லை. ஆக, பஸ்ஸு எப்போது வேண்டுமானாலும் இறங்கிப் போகலாம். போனால் அண்ணன் வீடு போய்விடும். பூட்டு இவ்வளவுதான்.

மேலே ஒரு கல் குடிசை, ஓர் ஊற்று, சுற்றிலும் பனி ஒட்டிய முகடுகள். எல்லை நெடுகச் சுண்ணாம்பு பூசிய கற்குவியல்கள். மேற்கு ஊரின் காவலாள் மீமூன், புல்வெளியின் மறுமுனையில் இன்னொரு குடிசையில் இருந்தான். பஸ்ஸுவின் வயதுதான். இரண்டு ஊர்க் காவலாட்களும் புல்லை மட்டும் காப்பதில்லை, ஒருவரை ஒருவர் காப்பார்கள். ஏற்பாடே அதற்குத்தான்.

முதல் வாரம் பஸ்ஸு தொண்டை கிழியக் கத்திக்கொண்டு புல்வெளியின் குறுக்கே ஓடினான். சரிவில் கறுப்பாக ஒரு மந்தை இறங்கிக்கொண்டிருந்தது. கையில் கல்லோடு மூச்சிரைக்கப் போய் நின்றபோது மந்தை அவன் மேலேயே ஏறிக் கடந்து அடுத்த சரிவுக்குப் போயிற்று. மேகத்தின் நிழல்.

ஊற்றங்கரையில் மீமூன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "புடிச்சியா மாப்ளே? கொழுத்ததா பாத்து அறு. ஈரல் எனக்கு."

"வாய மூடு."

"பட்டணத்துல மேகமே கிடையாதா?"

"இருக்கு. அதை யாரும் அண்ணாந்து பாக்கிறதில்ல."

அதன் பிறகும் பலமுறை நிழலைத் துரத்தினான். மீமூன் ஒவ்வொரு முறையும் ஈரல் கேட்டான்.

வாரத்துக்கு ஒருமுறை அண்ணி இட்டோ வாற்கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவருவாள். கழுதையை எல்லைக் கல்லுக்கு வெளியே நிறுத்திவிட்டு அங்கேயே நின்று கொடுப்பாள். ஊர்ச் செய்தி சொல்வாள். அவள் இறங்கிப் போகும்போது, அவள் முதுகு வளைவில் மறையும்வரை அவன் கல்லருகே நிற்பான். கல்லைத் தாண்டி இரண்டடி வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவான். தடுக்க யாருமில்லை. அதுதான் கொடுமை என்று பின்னாளில் என்னிடம் சொன்னான். கதவு இருந்தால் தட்டலாம், சாவி வைத்திருப்பவனைத் திட்டலாம். அங்கே திட்டக்கூட ஆள் இல்லை.

பகலில் குடிசைக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான். வெளியே வந்தால் அத்தனை வெளியும் ஒரே நேரத்தில் மேலே வந்து விழுவதுபோல் இருந்ததாம். அவனுடைய வேடிக்கைப் பேச்செல்லாம் சில நாட்களிலேயே தீர்ந்துபோயிற்று. தனக்குத் தானே ஒன்றைச் சொல்லிப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. தன்னைக் கலகலப்பானவன் என்று அவன் நம்பியிருந்தான். கலகலப்பு மேசையில் உட்கார்ந்திருந்தவர்களுடையது, அவனுடையதல்ல என்று தெரிந்தது. ஆட்கள் போனதும் மிச்சம் நின்றவன் முகம் கொடுக்காதவன், எரிச்சல்காரன், கொஞ்சம் பயந்தவன். மலை மனிதனை உயர்த்தும் என்று பேசுபவர்கள் உண்டு. பஸ்ஸுவை அது உயர்த்தவில்லை. யாரும் பார்க்காதபோது அவன் எப்படி இருப்பான் என்று காட்டிற்று. அதை மாற்றிக்கொள்ள ஒரு வழியும் சொல்லித்தரவில்லை.

வேறு போக்கில்லாமல்தான் பார்க்கத் தொடங்கினான். நிழலுக்கு ஓரம் மங்கும், மந்தைக்கு ஓரம் கலையும் என்று பிடிபட்டது. புல் ஒரே நிறமில்லை என்று தெரிந்தது. மீமூன் ஈரல் கேட்பதை நிறுத்தினான். அது அவனுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

அந்த ஆண்டு வசந்த மழை பொய்த்தது. கீழே வைக்கோல் தீர்ந்து, ஆடுகள் முள்ளையும் பட்டையையும் கடித்துக்கொண்டிருந்தன. ஒரு பிற்பகல் இட்டோ ரொட்டியோடு மந்தையையும் ஓட்டிக்கொண்டு எல்லைக்கு வந்துவிட்டாள். ஆடுகளின் இடுப்பெலும்பு ரோமத்தையும் மீறித் தெரிந்தது. இரண்டு குட்டிகளை அவள் மேலங்கிக்குள் சுமந்திருந்தாள். மீமூன் காய்ச்சலில் மறுமுனைக் குடிசையில் படுத்துக் கிடந்தான். காலையில்தான் பஸ்ஸு அவனுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்திருந்தான். இட்டோவுக்கும் அது தெரியும்.

"தம்பி, இந்த ஓரத்துச் சதுப்புல மட்டும். பொழுது சாயிற வரைக்கும். அப்புறம் ஓட்டிட்டுப் போயிடறேன்."

ஆடுகள் கல்லுக்கு வெளியே நின்று உள்ளே மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன.

"தாய்க்கு மடியில பாலில்ல. இதுக தாங்காது. பாரு."

"பாக்கிறேன் அண்ணி."

"பாத்தா போதுமா? விடு."

"முடியாது."

"யாரு பாக்கப்போறா? அவன் போர்வைக்குள்ள கிடக்கான்."

"மாட்டினா கோடை பூரா புல்லு கிடையாது. எல்லாமே போயிடும்."

"மாட்டினாத்தானே? இப்ப போறது கண்ணுக்குத் தெரியுதே!" அவள் குரல் உடைந்தது, உடனே கடுத்தது. "கப்பு கழுவிட்டிருந்தவன் எனக்குச் சட்டம் சொல்ல வந்துட்டான். உங்க அண்ணன் வந்திருந்தா விட்டிருப்பாரு."

"இருக்கலாம்."

"ஈரமே இல்லையா உனக்கு?"

அந்த இடத்தில் பஸ்ஸுவுக்கு என்ன நடந்தது என்பதை அவன் சொன்னபடியே சொல்கிறேன், அழகுபடுத்தவில்லை. விட்டுவிடத்தான் அவன் வாய் திறந்தான். அப்போது உள்ளே ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்தது. மாட்டிக்கொண்டால் அன்றைக்கே அவனைக் காவலிலிருந்து துரத்திவிடுவார்கள். பேருந்து, கடை, விளக்கு, சத்தம் எல்லாம் திரும்பக் கிடைக்கும். அந்தச் சந்தோஷம் குட்டிகளுக்கானது இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் இரக்கமும் அதே இடத்திலிருந்துதான் எழுந்தது. எது எதுவென்று அவனால் பிரித்தெடுக்க முடியவில்லை. பிரிக்க முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு அண்ணனுடைய கோடையைப் பணயம் வைக்கக் கூடாது என்று அவன் திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"ஓட்டிட்டுப் போங்க அண்ணி" என்றான். கொண்டுவந்த ரொட்டியை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். "இதைத் தண்ணியில ஊறவச்சுத் தாய்க்குக் குடுங்க."

அவள் வாங்கிக்கொண்டாள். திரும்பி நடக்கும்போது ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஒரு குட்டி வழியில் செத்தது. பஸ்ஸு செய்தது சரி என்று வாதாடுகிறவர்கள் அந்தக் குட்டியையும் சேர்த்து வாதாட வேண்டும்.

அடுத்த வாரத்திலிருந்து ரொட்டி பக்கத்து வீட்டுக் கிழவர் கையில் வந்தது. அவர் காது கேளாதவர். செய்தி எதுவும் கொண்டுவரமாட்டார். காய்ச்சல் தெளிந்த மீமூனுக்கு எல்லைக்கு வெளியே கிடந்த புழுக்கை கண்ணில் பட்டது.

"உங்க வீட்டுதா?"

"ஆமா."

"உள்ள ஒண்ணும் காணோமே."

"விடல."

"நான்தான் படுத்துக் கிடந்தேனே, மடையா" என்றான் மீமூன். திட்டினானா, வியந்தானா தெரியவில்லை. அன்றிலிருந்து இருவரும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள். ஆனால் அதிகம் பேசவில்லை. மீதிப் பருவத்தைப் பஸ்ஸு அப்படித்தான் கழித்தான்: கீழே போக முடியாமல், போனால் யார் முகத்தில் விழிப்பது என்றும் தெரியாமல். புல் மட்டும் முழங்கால்வரை வளர்ந்து, காற்றில் திரும்பித் திரும்பிப் படுத்தது. அது தன்னால்தான் நிற்கிறது என்ற நினைப்பு அவனுக்கு ஆறுதலும் தரவில்லை, விட்டுப்போகவும் இல்லை.

திறப்பு நாளில் இரண்டு ஊர் மந்தைகளும் இருட்டிலேயே எல்லைக்கு வெளியே வந்து நெருக்கிக்கொண்டு நின்றன. பெண்கள் தலையில் வெள்ளி நாணயம் கோத்த பட்டி கட்டியிருந்தார்கள். ஸைதும் கோலூன்றி வந்திருந்தார். மெலிந்திருந்தாலும் மந்தை மிச்சமிருந்தது. விடிந்ததும் இரண்டு ஊர்த் தலைவர்களும் சேர்ந்து கற்குவியலின் உச்சிக் கல்லை எடுத்துத் தரையில் வைத்தார்கள். சீழ்க்கை, குலவை, குளம்புச் சத்தம். நூற்றுக்கணக்கான ஆடுகள் ஒரே வெள்ளமாக உள்ளே பாய்ந்தன. ஸைதின் ஆடுகளும் அதில் இருந்தன. இட்டோ அவற்றின் பின்னால் ஓடிக்கொண்டே அழுதாள்.

காவலுக்குக் கூலியாக ஊர் ஒரு பெட்டையாடு தரும். ஹத்து அதைக் கயிறோடு பஸ்ஸுவின் கையில் கொடுத்தார். "முடிஞ்சுதுடா. இனி பஸ் ஏறு, இல்ல இதை மேய்ச்சுப் பொழைச்சுக்கோ. உன் இஷ்டம்."

இட்டோ திரும்பி வந்து அவன் முன்னால் நின்றாள். அந்தப் பிற்பகலுக்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். "அவுத்து விடு தம்பி. இன்னைக்கு யாரும் கேக்கமாட்டாங்க."

ஆடு உள்ளே இழுத்தது. மற்ற ஆடுகள் வயிறுவரை புல்லில் மறைந்து மேய்வதை அது பார்த்துக்கொண்டிருந்தது. பஸ்ஸு கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கற்களுக்கு வெளிப்புறமாக, முள்ளைத் தவிர ஒன்றும் முளைக்காத கிழக்குச் சரிவில் இறங்கினான்.

"டேய், புல்லு இந்தப் பக்கம்!" என்று மீமூன் கத்தினான். சிரிப்பு எழுந்து அடங்கியது.

அவன் பட்டணத்துக்குத் திரும்பவில்லை. அந்த ஒற்றை ஆடு பின்னாளில் ஒரு மந்தையாயிற்று, அவன் அதோடேயே கிழவனானான். அக்தாலில் மற்றவர்களுக்கு இருந்த உரிமை அவனுக்கும் இருந்தது. ஆனால் செத்த குட்டிக்கு மறுத்த புல்லைத் தன் ஆடுகளுக்குக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு திறப்பு நாளிலும் தன் ஆடுகளை எல்லைக் கல்வரை ஓட்டிவந்து, உச்சிக் கல்லை எடுக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, கிழக்குச் சரிவின் முள்ளுக்கே திருப்பி ஓட்டிக்கொண்டு போனான்.