மாவடிப்பள்ளியார் கொதிசட்டி சாப்பிட வந்த நாள்

1. முதல் நாளே ஒழுகிய சட்டி

கடை திறந்த முதல் நாள், ஜும்மா தொழுகை முடிந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. மூன்றாம் மேசையில் சட்டி ஒழுகத் தொடங்கியது. மருதமுனையிலிருந்து வந்திருந்த ஒரு பள்ளிக்கூட மாஸ்டர் இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைச் சாரனில் சுடுசூப் சொட்டியது.

“என்ன தம்பி, சட்டி அழுவுது?” என்றார் அவர் எழும்பி நின்று.

எண்பதுகளின் தொடக்கம் அது. கல்முனை பஸ் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி அந்தக் கடையைப் போட்டவர் எங்கள் முதலாளி இஸ்மாயில் காக்கா. எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம். பல வருடம் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். சிங்கப்பூரில் சீனர்கள் மேசை நடுவே சட்டியைக் கொதிக்கவிட்டு, பச்சை மீனையும் கீரையையும் அதில் போட்டு எடுத்துச் சாப்பிடுவதைக் கண்டு, அதே மாதிரி ஆறு பித்தளைச் சட்டிகளைக் கொண்டுவந்திருந்தார். அதற்குக் கொதிசட்டி என்று பேர் வைத்தார். சட்டியின் நடுவே புகைக்கூடு போல ஒரு குழாய் இருக்கும். குழாய்க்குள் சிரட்டைக்கரித் தணல், அதைச் சுற்றிச் சூப். ஆளுக்கு ஒரே விலை. வாசல் பலகையில் ‘போதும் என்கிற வரைக்கும் சாப்பிடலாம்’ என்று எழுதியிருந்தது.

அதற்கு முன் நான் ஒரு ரெஸ்ட் ஹவுஸில் குக்காக இருந்தேன். அந்த வேலை போய் ஆறு மாதம் வீட்டில் குந்தியிருந்தவன். மனைவி, இரண்டு பிள்ளைகள். இந்த வேலையை எப்படியும் பிடித்து நிற்பது என்று முடிவெடுத்துத்தான் ஏப்ரனைக் கட்டினேன்.

சட்டி ஒழுகியதற்குக் காரணம் பிறகுதான் விளங்கியது. சூப் என்றால் குடிப்பதற்குத்தானே என்று சாப்பிட வந்த எங்கள் ஊர் ஆட்கள் முதலிலேயே கோப்பை கோப்பையாக அள்ளிக் குடித்துவிட்டார்கள். சட்டி வற்றியதும், குழாயை ஒட்டியிருந்த ஈயப்பற்று தணல் சூட்டில் உருகிவிட்டது. நான் ஊற்றிய புதுச் சூப் அந்த வழியால் இறங்கியது.

குடித்தவர்களும் முகத்தைச் சுளித்தார்கள். “உப்புத்தண்ணி மாதிரி இரிக்கி. நாமளே அவிச்சித் திங்கிறதெண்டா வீட்டிலயே இரிந்திரிக்கலாமே” என்று ஒருவர் எனக்குக் கேட்கவே சொன்னார்.

பின்னேரம் முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். நான் இரண்டு விசயம் கேட்டேன். ஒன்று, சட்டிகளின் ஈயப்பற்றைச் சுரண்டிவிட்டுப் பித்தளையால் வெல்டிங் பண்ண வேண்டும். மற்றது, சூப்பை என்னிடம் விட்டுவிட வேண்டும்.

“சிங்கப்பூர்ல இப்படித்தான் குடுக்கிற” என்றார்.

“ஓம் முதலாளி. சாப்பிட வாறவங்க கல்முனைக்காரங்க.”

இறால் தலையை இடித்து அவித்து வடித்து, ரம்பை இலை, சேரைப் புல், கொறக்காப்புளி போட்டு, கடைசியில் கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டேன். சூப்புக்கும் நாங்கள் சோற்றுக்கு ஊற்றும் ஆணத்துக்கும் இடையில் ஒன்று வந்தது. சூப் குடிக்க விரும்பியவர்களுக்குத் தனிக் கோப்பையில் கொடுத்தோம். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு கேத்தல் சூப் வைத்து, வற்றவற்ற ஊற்றச் சொன்னோம். ஒரு மாதத்தில் மத்தியானம் மேசைகள் நிறையத் தொடங்கின.

2. எட்டுப் பேர்

பெரும்போக வெள்ளாமை வெட்டு, அதாவது நெல் அறுவடை, நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு நாள் பன்னிரண்டு மணியளவில் மாவடிப்பள்ளியிலிருந்து எட்டு வயல்காரர்கள் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். அவர்களில் மூத்தவர் ஆதம்பாவா காக்கா. கறுத்து உயர்ந்த மனிதர், தோளில் துவாய். நேரே என்னிடம் வந்தார்.

“தம்பி, நீதான் குக்கா?”

“ஓம் காக்கா.”

“போன கிழமை இந்த ரோட்டில ஒரு கடையில சோறு திங்கக் குந்தினம். ரெண்டாந்தரம் கறி கேட்டா, முடிஞ்சிட்டு எண்டாங்க. கையக் கழுவிட்டு வெளிய வாறம், ரெண்டு உத்தியோகத்தருக்கு அதே கறி போகுது. ஒங்கட பலகையில எழுதிரிக்கிறது மெய்யா?”

“மெய்தான்.”

“அப்ப குந்துறம்.”

இரண்டு சட்டி வைத்தேன். குசினிக்குள் முதலாளி என் கையைப் பிடித்தார். “இவங்க வயலுக்க நிண்டு வந்தவங்க. முதல்ல மரவள்ளிக் கிழங்க அவிச்சி நிறைய வை. வயிறு அடைஞ்சிரும்.”

“அவங்க கிழங்கு கேக்கல்லயே முதலாளி.”

அவர்கள் அவசரப்படாமல் சாப்பிட்டார்கள். பாரைத் துண்டு, கணவாய், இறால், கீரை. ஒரு தட்டம் முடிய அடுத்த தட்டம். எனக்கு அதைப் பார்க்க எரிச்சல் வரவில்லை, பயம்தான் வந்தது. மற்ற மேசைகளும் நிறைந்திருந்தன. ஒரு மணிக்கு ஐஸ் பெட்டியைத் திறந்தால் அடியில் தண்ணீர் மட்டும்தான் கிடந்தது. அந்த நேரம் பார்த்து ஆதம்பாவா காக்கா வெறும் தட்டத்தைத் தூக்கிக் காட்டினார்.

“முடிஞ்சிட்டு எண்டு போய்ச் சொல்லு” என்றார் முதலாளி. “பொய்யில்லயே. மெய்யா முடிஞ்சிட்டுதானே.”

“மெய்தான். ஆனா அவங்க நம்பமாட்டாங்க. சாய்ந்தமருதுக் கரையில இந்நேரம் வலை இழுத்து முடிஞ்சிரிக்கும். நான் போய்ட்டு வாறன்.”

“வேலை நேரத்தில குசினிய விட்டுப் போறியா? போனா திரும்பி வராத, ஜுனைதீன்!”

சத்தம் மேசைவரை கேட்டிருக்கும். நான் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டு மேசைக்குப் போனேன்.

“காக்கா, பெட்டி காலி. நான் கடக்கரைக்குப் போறன். அரை மணித்தியாலம் குந்துங்க. சட்டி வத்தாமப் பாத்துக்கங்க.”

அவர் சூப் கேத்தலைத் தன் பக்கம் இழுத்து வைத்தார். “போய்ட்டு வா” என்றார்.

3. கீரி

கரையில் நல்ல மீனெல்லாம் ஏலம் கூறி விற்றுப் போய்விட்டது. மிஞ்சிக் கிடந்தது கீரி மீன் மட்டும்தான். சின்ன மீன், முள் அதிகம், கொதிசட்டிக்கு யாரும் நினைக்காத மீன். ஒரு பெட்டி கீரியை வாங்கிச் சைக்கிள் கேரியரில் கட்டினேன். மணலில் உருட்டி ரோட்டுக்கு ஏற்றுவதற்குள் மூச்சு வாங்கியது. திரும்பி வரும் வழியெல்லாம் மனைவிக்கு என்ன சொல்வது என்பதே யோசனை. ஆறு மாதம் பொறுத்தவள், இனியும் பொறுப்பாளா? ஆனால் சைக்கிளை மெதுவாக்கவில்லை.

எட்டுப் பேரும் அப்படியே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கேத்தலிலிருந்து சட்டிக்குச் சூப் ஊற்றிக்கொண்டிருந்தார்.

நான் நேரே பின்பக்கம் கிணற்றடியில் குந்தி மீனைக் கொட்டினேன். செதிலைச் சுரண்டத் தொடங்கியபோது பக்கத்தில் யாரோ குந்துவது தெரிந்தது. முதலாளி. போட்டிருந்த நல்ல சேட்டின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டியிருந்தார்.

“கத்தியால வெட்டினா சதை போயிரும். வயித்தக் கீறிட்டு, பெருவிரலால நடு முள்ள இப்படி இழு” என்று ஒரு மீனை எடுத்துக் காட்டினார். முள் முழுசாக வந்தது. கப்பலில் பழகிய கை. இருவருமாக அந்தப் பெட்டியை முடித்தோம்.

தட்டத்தை நானே கொண்டுபோய் வைத்தேன். “காக்கா, பாரை கிடைக்கல்ல. இது கீரி. இப்பதான் வலையால வந்த. முள்ளு ஒண்டு ரெண்டு இரிக்கும்.”

“கீரி திங்காத ஆக்களா நாங்க?” என்று ஒருவர் சிரித்தார்.

கொறக்காப்புளிச் சூப்பில் கீரி அரை நிமிடத்தில் வெந்தது. பாரையைவிட அதைத்தான் ருசித்துச் சாப்பிட்டார்கள். இரண்டாவது தட்டத்தில் பாதி மிஞ்சியிருந்தபோது ஆதம்பாவா காக்கா கையை எடுத்துக்கொண்டார்.

“போதும் தம்பி” என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “முடிஞ்சிட்டு எண்டு நீ சொல்லிட்டு நிண்டிருந்தா எழும்பிப் போயிரிப்பம். இதுவும் அந்தக் கடை மாதிரித்தான் எண்டு ஊரெல்லாம் சொல்லிரிப்பம். ஒங்கட பலகை மெய்யா எண்டு பாக்கத்தான் நாங்க வந்த.”

பின்னேரம் நான் வீட்டுக்குப் புறப்படும்போது முதலாளி கேட்டார்: “நாளைக்கு வெள்ளன வருவியா? ஐஸ் பெட்டி பெரிசா ஒண்டு பாக்கணும்.”

வெட்டு முடிந்ததும் அந்த எட்டுப் பேரும் குடும்பத்தோடு வந்தார்கள். பெண்களுக்காக ஒரு பக்கத்தைச் சீலை கட்டி மறைத்தோம். பிறகு அது நிரந்தர அறையாயிற்று. யுத்தத்தால் அடிக்கடி பாதைகள் பூட்டப்பட்டு, பயணமே கஷ்டமான காலம் வரும்வரை அந்தக் கடை ஓடியது.

அதற்குப் பிறகு நான் வேலை செய்த குசினிகளில் எனக்குக் கீழே வேலை செய்த எல்லோரிடமும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். சாமான் தீர்ந்தால் அதைச் சொல்ல வெயிட்டரை அனுப்பாதே. நீயே மேசைக்குப் போ. தீர்ந்தது என்பதைச் சொல். அதற்கு நீ என்ன செய்யப் போகிறாய் என்பதையும் அதே மூச்சில் சொல். சொன்னால், செய். பசித்தவன் அரை மணித்தியாலம் காத்திருப்பான்; நான் பார்த்திருக்கிறேன்.