காற்றுப் பிரிந்த செய்தி

அத்தைக்குக் குடல் முறுக்கிக்கொண்டபோது அவிநாசிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாடகைக் காரில் போட்டுக் கோயமுத்தூருக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கே வயிற்றைத் திறந்து, கெட்டுப்போன துண்டை வெட்டியெடுத்து, மிச்சத்தைச் சேர்த்துத் தைத்தார்கள். எங்கள் வீடு சிங்காநல்லூரில் இருந்ததால் ஆஸ்பத்திரியில் உடன் இருக்கும் பொறுப்பு அம்மாவுக்கு வந்தது. பள்ளி விடுமுறையாதலால் அம்மாவோடு நானும் வந்தேன்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவர். தோட்டத்து ஆட்கள் அவர் குரலுக்கு நடுங்குவார்கள். ஆனால் ஆண்கள் எதிரில் ஓர் ஏப்பம்கூட விட்டறியாதவர்.

காற்றுப் பிரியும்வரை வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காற்றுப் பிரிந்தால்தான் தைத்த குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அர்த்தமாம். வீட்டில் இதே காரியத்துக்காக என் தம்பி அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறான். இங்கே பெரியவர்கள் அத்தனை பேரும் அதற்காகக் கவலையோடு காத்திருந்தது எனக்கு விசித்திரமாக இருந்தது.

காலையில் டாக்டர் வரும்போது நர்சுகள், அப்பா, அத்தை வீட்டுக்காரரான மாமா எல்லோரும் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள்.

"ஏனுங்கம்மா, காத்துப் பிரிஞ்சுதுங்களா?"

அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு, "இல்லீங்க" என்பார்.

குளுக்கோஸ் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. அத்தையின் கன்னம் ஒட்டிப்போயிற்று. தையல் போட்ட இடம் சேராமல் நீர் கசிந்தது. ஆகாரம் இல்லாமல் புண் ஆறாது, காற்றுப் பிரியாமல் ஆகாரம் கொடுக்கவும் பயமாக இருக்கிறது என்று ஒருநாள் காலை கட்டிலருகே வைத்தே டாக்டர் அப்பாவிடம் சொன்னார். வயிறு உப்பவில்லை, ஆனாலும் மறுபடி திறந்து பார்த்துவிடுவது நல்லது என்றார். இந்த உடம்பு இன்னொரு ஆபரேசனைத் தாங்குமா என்று அப்பா கேட்டதற்கு அவர் கேஸ் தாளைத்தான் புரட்டினார். மாமா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அத்தை கண்ணை மூடிக்கொண்டார்.

மறுபடி வயிற்றைக் கிழிப்பார்கள் என்றதும் எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது.

"அத்தை நேத்தைக்கே உட்டுப்போட்டாங்களே" என்றேன். "அம்மா காப்பி வாங்கப் போயிருந்தப்ப."

"நெசமாவா கண்ணு?" என்றார் டாக்டர்.

"நெசந்தானுங்க. சத்தம் கேட்டுது."

ஒரு நர்சு வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா வாய்விட்டே சிரித்தார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அத்தையிடம் தனியாகப் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. வெளியே வந்ததும் கஞ்சித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

கஞ்சித் தண்ணீர் தங்கியது. பிறகு பால், குழைந்த சோறு, அரைவேக்காட்டு முட்டை, ஆட்டுக்கால் சாறு என்று ஒவ்வொன்றாக உள்ளே போகப் போக, கசிவு நின்று புண் கூடிவந்தது. ஊருக்குப் போகும்போது அத்தை காருக்குத் தன் காலாலேயே நடந்து வந்தார். ஏறும் முன் என் தலையைத் தடவினார்.

அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் மாமா இந்தக் கதையைச் சொல்லாமல் இருந்ததில்லை. நான் சொன்னதை என் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். கூட்டம் சிரிக்கும், எனக்குப் பெருமையாக இருக்கும். அவர் ஆரம்பித்ததுமே அத்தை எழுந்து சமையல் பக்கம் போய்விடுவார். அங்கே அவருக்கு ஏதோ வேலை இருக்கிறது என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.