ஒன்பதுக்கு ஆறு கோடு

பட்டறையில் என் அண்ணனுக்கு நாலுகோட்டார் என்று பெயர். ரோமன் எண்ணில் ஊரெல்லாம் நாலை IV என்று எழுத, அவர் நான்கு கோடு கிழித்து IIII என்பார். ஒன்பதுக்கு IX கிடையாது, VIIII. படிக்காதவர் என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவன் எவனும் கூரை ஏறியதில்லை.

நாங்கள் மரக்கூரை செய்கிறவர்கள். சட்டங்களைப் பட்டறையிலேயே இழைத்து, தரையில் பூட்டிப் பார்த்து, ஒவ்வொன்றின் முனையிலும் உளியால் எண் வெட்டுவோம். பிறகு கழற்றி எடுத்துப்போய் மேலே பூட்டுவோம். உளிக்கு நேர்கோடுதான் வரும், அதனால் ரோமன் எண். ஆனால் சட்டத்துக்குத் தலை ஏது, கால் ஏது? IX என்று வெட்டிய மரம் தலைகீழாக மேலே வந்தால் XI ஆகிவிடும், பதினொன்று. VIIII-ஐ எப்படிப் புரட்டினாலும் ஒன்பதுதான்.

வினை அண்ணன் மகளின் வீட்டுப்பாடத்தில் வந்தது. எங்கள் சட்டங்களைப் பார்த்து வளர்ந்த பெண் நாலையும் ஒன்பதையும் எங்கள் மாதிரியே எழுதி, சிவப்பு மையில் தப்பு வாங்கி அழுதாள். அண்ணன் சட்டையை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். நானும் கூடப் போனேன்.

"டீச்சர், இப்படியும் எழுதலாம். கடிகாரத்துலகூட நாலு கோடுதானே போடுறாங்க?" என்று சுவரைக் காட்டினார். அங்கே மாட்டியிருந்த கடிகாரத்தில் இருந்தவை சாதாரண எண்கள். வகுப்பே சிரித்தது.

"அப்பாவே இப்படிப் பேசினா பொண்ணு எப்படிப் படிக்கும்?" என்றார் டீச்சர்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அதைத்தான் அண்ணனால் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் ஒரு கிடங்குக்குக் கூரை. அந்த ஒரு வேலைக்கு மட்டும் அண்ணன் புத்தகப்படி எண் வெட்டினார். என்னிடம் சொல்லவில்லை. வெட்கமோ, மறதியோ, யார் கண்டது. XI என்று கண்ணில் பட்ட சட்டத்தை நான் பதினொன்றாவது இடத்தில் பொருத்தினேன். முனை தளர்வாக உட்கார்ந்தது. ஆப்பு வைத்து அடித்துவிட்டு அதன்மேல் கால் வைத்தேன்.

கீழே விழுந்து கிடந்தபோது, இன்னும் மேலே ஏற்றாத மரங்களுக்கு நடுவே இன்னொரு XI கிடந்ததைப் பார்த்தேன். நான் பொருத்தியது தலைகீழாக வந்த ஒன்பது என்று அந்த வலியிலும் புரிந்துவிட்டது.

இடுப்பு போனது. ஆஸ்பத்திரியில் அண்ணன் கட்டிலருகே வந்து நின்றார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவர் வாயைத் திறக்கும் முன் நானே முந்திக்கொண்டேன்.

"நான்தாண்ணே எண்ணைச் சரியாப் பாக்கல."

இல்லை என்பார் என்று நினைத்தேன்.

"சரி, விடுடா" என்றார்.

பத்தொன்பது வருஷம் விட்டார். எண் பார்க்கத் தெரியாமல் விழுந்தவன் என்று பட்டறை பேசியது, அண்ணியும் பேசினாள். அவர் பக்கத்திலேயே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். மருந்து வாங்கித் தந்தார், குளிப்பாட்டினார், மாடிப்படியில் என்னைத் தூக்கிக்கொண்டு ஏறினார். மனசாட்சி உள்ளவன் அவரைக் குறை சொல்ல முடியாது. தப்பு என்னுது என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் கடைசிவரை தரவில்லை. சட்டங்களில் சத்தமில்லாமல் மறுபடியும் VIIII வெட்ட ஆரம்பித்தார்.

போன மாதம் பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு நின்றுபோனது. ஒருநாள் காலை ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அசைகிற கையால் என் உள்ளங்கையை இழுத்து, நகத்தால் கீறினார். இரண்டு சாய்ந்த கோடு, நான்கு நேர்கோடு. திரும்பவும் அதே ஆறு. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"என்ன எழுதுறாரு சித்தப்பா?" என்றாள் மகள்.

இதற்காகத்தான் பத்தொன்பது வருஷம் காத்திருந்தேன். தெரியும்ணே, அன்னைக்கே தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அதுவரை எங்கே இருந்ததோ, அப்படி ஒரு கோபம் வந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

"எனக்கென்னம்மா தெரியும்? எனக்குத்தான் எண் பார்க்கவே தெரியாதே" என்றேன்.

மூன்றாம் நாள் போய்விட்டார். பேச்சுத்தான் போயிருந்தது, காது அவருக்கு நன்றாகக் கேட்டது.