செட்டிகுளம் சைலோவும் மூன்று ஃபியூஸ் கட்டைகளும்

என் வலது கையில் ஐந்து விரலும் இருக்கின்றன என்ற நன்றியோடு இதை எழுதுகிறேன். சைலோ ரிப்பேருக்காகப் பெரம்பலூர்ப் பக்கம் போகிறவர்கள் கடைசிவரை படித்துவிடுங்கள்.

மாசி பிறந்த வாரம், செட்டிகுளத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் செல்வியக்கா போன் செய்தார். மக்காச்சோளம் கொட்டி வைக்கும் சைலோவில், அதாவது பெரிய இரும்புக் குதிரில், அடியில் சுழன்று சோளத்தை வெளியே தள்ளும் ஸ்க்ரூ நின்றுவிட்டதாம். கோழிகளுக்கு மறுநாள் சாயங்காலம் வரைதான் தீவனம் இருந்தது.

மறுநாள் காலை 7.20க்கு அரியலூரில் பஸ் ஏறினேன். பெரம்பலூருக்கு ஐம்பது நிமிடம், டிக்கெட் 27 ரூபாய். ஸ்டாண்டில் பொங்கலும் டீயும் 65. செட்டிகுளம் பஸ் 8.40க்கு. இருபத்திரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. வழி நெடுகப் பாதி ரோட்டில் சோளம் காய்ந்துகொண்டிருந்தது. வண்டி ஏறிவிடாமலிருக்க ஓரத்தில் கல் வரிசை வேறு. பஸ் ஒதுங்கி ஒதுங்கிப் போக, நான் முனகிக்கொண்டே போனேன்.

பண்ணையில் கரண்ட் இல்லை. கரண்டே இல்லாதபோது சுவிட்சைப் போய்ப் பார்ப்பானேன் என்று, மேலிருந்து சோளம் இறங்காமல் ஷட்டரை அடைத்து, அடிமூடியைக் கழற்றி, தோள்வரை கையை உள்ளே விட்டேன். பதினெட்டு வருட அனுபவம் தந்த திமிர். செல்வியக்கா மோட்டார் ரூமுக்குள் போய்விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அக்கா, சும்மாதானே இருக்கீங்க. அந்த ஸ்பானர எடுத்துக் குடுங்களேன்.”

“நான் சும்மா இல்லீங்க. நீங்க வேலயப் பாருங்க.”

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

12.10 இருக்கும். பக்கத்து வயலில் கிணற்று மோட்டார் ஆளில்லாமலே ஓடத் தொடங்கியது. கரண்ட் வந்துவிட்டது. வந்ததும் மோட்டாரைத் தானே ஓட்டிவிடும் ஆட்டோ ஸ்டார்ட்டர் பெட்டி அங்கே மட்டுமல்ல, இங்கேயும் உண்டு. உள்ளே வரும்போதே பார்த்திருந்தேன். என் கையோ ஸ்க்ரூவின் இரண்டு தகடுகளுக்கு நடுவே இருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. ஸ்க்ரூ அசையவில்லை.

அக்கா மடியை அவிழ்த்துக் காட்டினார். மோட்டார் ரூமிலிருந்து பிடுங்கி வந்த மூன்று ஃபியூஸ் கட்டைகள்.

“கெணத்துல ஆளு எறங்குனா, வூட்டு ஆளு ஒருத்தர் இத மடியில கட்டிக்கிட்டு, அவங்க ஏறுற வரைக்கும் ஒக்காந்திருப்போம். குதிருக்கு மட்டும் வேறயா? கைய மொதல்ல வெளிய எடுங்க.”

எடுத்தேன். அப்புறம் சிக்கியிருந்ததை நெம்பி எடுத்தால், ரோட்டோரக் கல் ஒன்று. சோளத்தை அள்ளும்போது கூடவே வந்திருக்கிறது. வளைந்த தகட்டை நிமிர்த்தி 3.30க்கு ஓட்டினோம். சோளம் கொட்டியது, கோழிகள் தப்பின. நானும்தான்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் சோளம் காயும் மாதத்தில் பஸ்ஸுக்குக் கூடுதலாக அரை மணி வைத்துக்கொள்ளுங்கள். சைலோவின் வாயில் கம்பிவலை போடச் சொல்லுங்கள். கையை விடுமுன் ஃபியூஸைப் பிடுங்கி வீட்டு ஆள் ஒருவரிடம் கொடுத்துப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கிறீர்களே என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.