ஜன்னலுக்கு மேலே மைனாக்கூடு

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் சுங்கை பாக்காப் பக்கம் தோட்டத்துக் குமாஸ்தாக்களுக்கான வீடு ஒன்றில் குடியிருந்தோம். எனக்கு எட்டாவது மாதம். படுக்கையறை ஜன்னலுக்கு மேலே, தகரக் கூரைக்கும் பலகைக்கும் நடுவிலிருந்த சந்தில் மைனா கூடு கட்டியிருந்தது. காய்ந்த புல், பிளாஸ்டிக் கயிறு, எங்கள் வீட்டுத் துடைப்பக் குச்சி, யாருடைய தலைமயிரோ. பார்த்தாலே குடலைப் புரட்டும்.

“கலைச்சுப் போடுங்க,” என்று கணவரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் ஏறுவதற்குள் அவருடைய அம்மா வந்துவிட்டார்.

“புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல கூட்டைக் கலைப்பாங்களாடா? பிரசவம் ஆகட்டும்லா, அப்புறம் என்னமும் செய்யி.”

கணவர் இறங்கிவிட்டார். முதல் பிள்ளை தங்கவில்லை என்பதால் அந்த வீட்டில் எல்லாருக்கும் என் வயிற்றைக் கண்டு பயம். எனக்கும்தான். வாயை மூடிக்கொண்டேன், மூக்கைத்தான் மூட முடியவில்லை.

குஞ்சுகள் மூன்று. மயிர் முளைக்காத சிவந்த தோல், அதனடியில் நீல நரம்பு, தலையைவிடப் பெரிய மஞ்சள் வாய். பெரியது மற்ற இரண்டின் முதுகிலும் ஏறி நின்று கத்தும். தாய், கால் துடிக்கும் கரப்பான் பூச்சியோடு வந்தால் அதற்குத்தான் முதல் வாய். விழுங்கிய கையோடு திரும்பிப் பின்பக்கத்தைத் தூக்கும். வெள்ளைப் பையாக வரும் எச்சத்தைத் தாய் கவ்விக்கொண்டு பறக்கும். அடுத்த புழுவும் அதே அலகில்தான் வரும். பறவைகளின் பாசத்தைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்தில் எழுதியவர் என் கட்டிலில் ஒரு நாள் படுத்துப் பார்த்திருக்க வேண்டும். கோழிச் செள் மாதிரி பொடிப்பூச்சிகள் கூட்டிலிருந்து உதிர்ந்து, என் கழுத்தெல்லாம் தடிப்பு.

ஒரு நாள் காலை அத்தை காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். ஜன்னலுக்கு வெளியே பொத்தென்று சத்தம். இருந்ததிலேயே சின்னக் குஞ்சு சிமெண்டுத் தரையில் கிடந்தது. பெரியது நெட்டித் தள்ளியிருந்தது. விழுந்தது சாகவில்லை. என் நிழல் விழுந்ததும் தலையைத் தூக்கி என்னிடம் வாயைத் திறந்தது. தொண்டைவரை சிவப்பு. ஒரு துணியால் எடுத்து உள்ளே வைத்திருந்தால், சாப்பிட வரும் கணவர் கூட்டில் போட்டிருப்பார். தொட மனம் வரவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

கத்தல் வெகுநேரம் கேட்டது. அத்தை திரும்பி வந்தபோது எறும்பு மொய்த்திருந்தது.

“ஐயோ பாவம், நீ பாக்கலையாம்மா?”

“தூங்கிட்டேன் அத்தை,” என்றேன்.

அடுத்த மாதம் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் தாதி அவளைத் துடைத்துக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். சிவந்த தோல், நீல நரம்பு. கண் திறக்கவில்லை, வாய் மட்டும் தொண்டைவரை திறந்தது. எனக்கு அதே குமட்டல் வந்தது, பெற்ற பிள்ளையைப் பார்த்து. என்மேலேயே அருவருப்பாக இருந்தது. கண்ணில் நீர் முட்டியது.

“பாத்தியாடா, பெத்தவளுக்குக் கண்ணு கலங்குதுலா,” என்று அத்தை மகனிடம் சொன்னார்.

பிள்ளை இன்னும் கத்திக்கொண்டிருந்தது. சாத்திக்கொள்ள அங்கே ஜன்னல் இல்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றினேன்.