பதினேழாம் பத்தியின் மேல் கறுப்பு மை

“ரெண்டு பேரும் பக்கம் மாத்திக்குங்க. பத்து நிமிஷம் தர்றேன்” என்று சொல்லிவிட்டு வெளித்தேர்வாளர் அம்மா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். தொண்டை வறண்டது என்னவோ விசிலுக்குத்தான்.

விசில் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. பதினோரு வருடம் பேருந்து நடத்துநராக இருந்தவளுக்குப் பணிமனை வைத்த பெயர். அவள் ஊதினால் அவளுடைய ஓட்டுநர் மட்டுமில்லை, பக்கத்தில் நிற்கிற வண்டியின் ஓட்டுநரும் பயந்து கிளம்பிவிடுவார் என்று பேச்சு. இப்போது முப்பத்தாறு வயதில் படிப்பு விடுப்பு வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்தில் சர்வதேசச் சட்டம் படிக்கிறாள். இரண்டாம் வருடம். கூட உட்கார்ந்திருப்பதெல்லாம் அவள் வண்டியில் மாணவர் பாஸைக் காட்டிவிட்டு ஏறுகிற வயசுப் பிள்ளைகள்.

இந்த வாய்மொழித் தேர்வில் ஒருமுறை கோட்டைவிட்டாயிற்று. இது இரண்டாவது தடவை. இதிலும் தோற்றால் விடுப்பு ரத்து, மறுநாள் காலை ஐந்தரை மணி வண்டியில் ஆள் இருக்க வேண்டும், இன்னொரு முறை விடுப்புக் கேட்டு வரவே கூடாது என்று பணிமனை மேலாளர் கடிதத்தில் எழுதியிருந்தார். கூடாது என்பதற்குக் கீழே இரண்டு கோடு. ஒரு கோடு போட்டிருந்தாலே புரிந்திருக்கும்.

தேர்வு இதுதான். ஒரு கற்பனை வழக்கு. நூற்று நாற்பது பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு படகில் வருகிறார்கள். ஒரு நாட்டின் துறைமுகத்துக்கு வெளியே படகு நிற்கிறது. உள்ளே வரக் கூடாது என்கிறது நாடு. நடந்ததையெல்லாம் இருபத்துமூன்று பத்திகளில் அச்சடித்து, ஆளுக்கு ஒரு வழக்குத் தாள் கொடுத்திருந்தார்கள். ஒருவர் படகுக்காக வாதாட வேண்டும், இன்னொருவர் நாட்டுக்காக. நீதிபதி இடத்தில் வெளித்தேர்வாளர். இவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் கத்தரிக்கோல். எந்த வாக்கியத்தையும் முழுசாக முடிக்க விடமாட்டார்.

விசிலுக்கு ஒதுக்கியிருந்தது படகு. இரண்டு மாதமாகப் படகிலேயே தின்றாள், படகிலேயே தூங்கினாள். சமையலறை அலமாரியில் உப்பு டப்பாவுக்கு மேலே அகதிகள் ஒப்பந்தத்தின் விதிகளை ஒட்டி வைத்திருந்தாள். வேறு பாதை வண்டியை ஓட்டும் அவள் புருஷன், “வக்கீலம்மா, இந்தக் குழம்புல எத்தனாவது விதி போட்டிருக்கே? நாக்கு எரியுது” என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

படகுமேல் அவளுக்கு அவ்வளவு பிடிப்பு வரக் காரணம் இருந்தது. முன்பு அவள் வண்டி எல்லைச் சாவடி வழியாகப் போகும். ஒருநாள் காவலர்கள் ஏறி, கைக்குழந்தையோடு இருந்த ஒரு புருஷன் பெண்டாட்டியை இறக்கினார்கள். கடைசி நிறுத்தம் வரைக்கும் அவள் கிழித்துக் கொடுத்த டிக்கெட் அவர்கள் கையில் இருந்தது. “டிக்கெட் வாங்கினவங்களை நடுவழியில எந்தச் சட்டத்துல இறக்கறீங்க?” என்று கேட்டாள். “அதெல்லாம் பெரிய சட்டம். உனக்குப் புரியாது, விசிலை ஊது” என்றான் காவலன். அவளும் ஊதினாள். வண்டியும் கிளம்பியது. கோபம் அவன்மேல் பாதி, ஊதிய தன் வாய்மேல் பாதி. மறு மாதமே பல்கலைக்கழக விண்ணப்பம் வாங்கிவிட்டாள்.

அப்படிப்பட்டவளைப் பார்த்து இப்போது நாட்டுக்காக வாதாடு என்றால்?

நடைவழி பெஞ்சில் உட்கார்ந்து வழக்குத் தாளைப் பிரித்தாள். நாட்டைக் காப்பாற்றக்கூடிய பத்தி ஒன்றே ஒன்றுதான், பதினேழு. அந்த இடத்தில் கறுப்பாக ஒரு செவ்வகம் இருந்தது. போன மாதம் அந்தப் பத்தியைப் படிக்கும்போதெல்லாம் தன் வாதம் ஓட்டைப் பானையாக ஒழுகுவதைப் பார்த்து, ஆத்திரத்தில் தடிப் பேனாவால் பூசி மெழுகிவிட்டிருந்தாள். வேறு ஏதோ துறைமுகம் பற்றி வரும், அவ்வளவுதான் நினைவிருந்தது. கத்தரிக்கோலிடம் அவ்வளவு போதாது. போன தடவை தோற்றதே, “இருக்குதும்மா, எங்கேயோ இருக்குது” என்று சொல்லிவிட்டு வரியைக் காட்ட முடியாமல் விழித்ததால்தான்.

துறை அலுவலகத்துக்கு ஓடினாள். பூட்டு. எழுத்தர் சாப்பிடப் போயிருந்தார்.

ஏழு நிமிடம் இருந்தது. எதிர்ப் பெஞ்சில் அவளுடைய எதிராளி, இதுவரை நாட்டுக்காகத் தயாரானவன். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டான் என்பதால் அவன் பெயர் கோட்டு. அவனும் தன் தாளை முகத்துக்கு நேரே தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, உன் தாளைக் கொஞ்சம் குடு.”

“எதுக்குக்கா?”

“என்னோடதுல பதினேழு இல்ல.”

“கிழிச்சிட்டீங்களா?”

“மை பூசிட்டேன்.”

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை. தாளை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டான். “சாரிக்கா. அது என் உழைப்பு. ஓரத்துல எல்லாம் குறிப்பு எழுதியிருக்கேன். அதைக் குடுத்துட்டு நான் என்ன கையை வீசிக்கிட்டு உள்ள போறதா?”

“என்னோடதைத் தர்றேன்.”

“மை பூசினதையா?”

“உன்னோடதுல எது இல்ல?”

“எல்லாம் இருக்கு.”

“தம்பி, டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சியைப் பதினோரு வருஷம் பாத்தவ நான். எது இல்ல?”

கோட்டு கூரையைப் பார்த்தான். மின்விசிறியைப் பார்த்தான். “ஒன்பது. அப்புறம் பன்னெண்டு.”

“மையா?”

“ஒயிட்னர்க்கா. பாக்க நீட்டா இருக்கட்டும்னு.”

நான்கு நிமிடம்.

“இப்படி மாத்திக்கலாமாக்கா? விதியில இடம் இருக்கா?”

“மாத்தக் கூடாதுன்னு எந்த விதியில இருக்கு? நீயும் நானும் என்ன படிக்கிறோம்?”

தாள்கள் கைமாறின. கோட்டுவின் தாளில் பதினேழாம் பத்தியைச் சுற்றி மஞ்சள் பெட்டி. ஓரத்தில் அவன் கையெழுத்து: ‘எத்தனை பேரைத்தான் ஏற்றுவது?’ கல்நெஞ்சக்காரர்கள்தான் இப்படி எழுதுவார்கள் என்று நினைத்தவள், அதே வார்த்தையைத் தானே படியில் நின்று தினமும் நாற்பது தடவை கத்தியது ஞாபகம் வந்து, அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உள்ள வாங்க.”

படகுக்காகக் கோட்டு முதலில் பேசினான். விசிலின் குறிப்புகளைப் படித்துப் படித்துப் பேசினான். ஒரு இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டுத் தன் சொந்த வார்த்தையிலேயே கெஞ்சினான். பையன் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றிய உடனே, அவன் எதிராளி ஆயிற்றே என்று தாளைப் புரட்டிப் பதினேழில் விரலை வைத்துக்கொண்டாள்.

அவள் எழுந்தாள். “கனம் நீதிபதி அவர்களே, துறைமுகத்தைத் திறக்கறதும் மூடறதும் பொதுவா அந்தந்த நாட்டோட...”

“ஆபத்துல வர்றவங்களுக்கும் அப்படித்தானா?”

“இல்லைங்கம்மா. அங்க விதிவிலக்கு உண்டு. ஆனா பதினேழாம் பத்தியில...”

“படிங்க.”

படித்தாள். “இரண்டு நாள் பயணத் தொலைவிலுள்ள மற்றொரு துறைமுகம், அனைவரையும் ஏற்கவும், எவரையும் அவர்கள் தப்பி வந்த இடத்துக்குத் திருப்பி அனுப்பாதிருக்கவும் எழுத்தில் உறுதியளித்தது.”

“அதனால?”

“நிறைஞ்ச வண்டி நிக்காம போகலாம்மா, பின்னாடி இன்னொரு வண்டி வருதுன்னு தெரிஞ்சா. வராதுன்னு தெரிஞ்சும் போனாத்தான் குத்தம்.”

“வண்டியா?”

“துறைமுகம்மா. மன்னிக்கணும்.”

கத்தரிக்கோல் வெட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது நல்லதா கெட்டதா என்று விசிலுக்குத் தெரியவில்லை.

“ரெண்டு நாள் பயணம்கறீங்க. படகுல குடிதண்ணி எவ்வளவு இருந்துச்சு?”

ஒன்பதாம் பத்தி. அவள் கையிலிருந்த தாளில் அந்த இடம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. இந்தத் தாளில் இல்லை என்று சொன்னால் அது அச்சு அசல் உண்மை. எதிரே கோட்டு அவசரமாகப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தான். தான் அழித்த பத்தி என்பதால் எங்கே தேடுவதென்று அவனுக்கே தெரியவில்லை. அவன் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த வாதத்துக்குத் தாவிவிடலாம். தாவினால் தேர்ச்சி. தேர்ச்சி பெற்றால் மூன்றாம் வருடம்.

“ஒரு நாளைக்குக்கூடப் பத்தாதும்மா” என்றாள். “ஒன்பதாம் பத்தி. ஒரு நிறைமாசக்காரியும் இருந்தாங்க.”

“பாத்துப் படிக்கிறீங்களா?”

“மனப்பாடம்மா.”

“அந்த நாடு தண்ணி குடுத்துச்சா? வைத்தியர் அனுப்புச்சா?”

“இல்லைங்கம்மா.”

“நீங்க அந்த நாட்டோட வக்கீல். அது தலையில நீங்களே கல்லைத் தூக்கிப் போடறீங்க, தெரியுதா?”

அவள் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். “வேற துறைமுகத்துக்குத் திருப்பி விட உரிமை இருக்குன்னு வாதாடறேன்மா. கைகழுவ உரிமை இருக்குன்னு வாதாடலை. தண்ணி குடுக்காதது தப்பு, ஒத்துக்கறேன். அந்தத் தப்புக்காகத் துறைமுகத்தையே திறக்கணும்னு ஆகிடாதுன்னுதான் சொல்றேன்.”

“உக்காருங்க.”

அரை மணி நேரம் கழித்துத் தீர்ப்பைப் படித்தார். மற்றொரு துறைமுகம் இருந்ததால் அனுமதி மறுத்தது சரி. தண்ணீரும் மருத்துவமும் தராதது சட்ட மீறல். மதிப்பெண் பட்டியலைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். தேர்ச்சிக்கு ஐம்பது. கோட்டு அறுபத்திரண்டு. விசில் ஐம்பத்தேழு. அவள் அந்த ஐம்பத்தேழை விரலால் தொட்டுப் பார்த்தாள், பக்கத்து வரிசையில் வேறு யாருடையதோ இல்லையே என்று.

புருஷனுக்குப் போன் போட்டாள்.

“என்ன வக்கீலம்மா, நாளைக்கு அஞ்சரை வண்டிக்கு அலாரம் வைக்கணுமா?”

“வேணாம். பாஸ்.”

“அப்படிப் போடு! படகு கரை சேந்துச்சா?”

“எங்க? நாந்தான் அதைத் திருப்பி அனுப்பினேன். பக்கம் மாத்திட்டாங்க.”

“கற்பனைப் படகுதானே?”

“ஆமா.”

“அப்புறம் எதுக்கு மூக்கை உறிஞ்சறே?”

“சளி. போனை வை.”

அலுவலகம் திறந்திருந்தது. சாப்பிட்ட களையோடு எழுத்தர் மூன்றாம் வருடச் சேர்க்கைப் படிவத்தை நீட்டினார். விருப்பப் பாடம் என்ற கட்டத்தில் ஆறு பெயர்கள். முதலாவது அகதிகள் சட்டம். அதில் சேர வேண்டுமென்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். பேனா அதன்மேல் சற்று நேரம் நின்றது. பிறகு நான்காவதில் குறியிட்டாள்: எல்லைக் கட்டுப்பாட்டு நிர்வாகம்.

எழுத்தர் படிவத்தைத் திருப்பித் தள்ளினார். “தப்பா டிக் போட்டுட்டீங்கம்மா. அது காவல்காரங்க எடுக்கற பாடம். மொத்தமே மூணு பேரு, மூணு பேரும் மீசை.”

“தப்பில்ல சார். அவங்க என்ன படிச்சிட்டு வர்றாங்கன்னு உக்காந்து பாக்கணும்.”

“பரீட்சை கஷ்டமா இருக்கும்.”

“இருக்கட்டும். வகுப்பு எத்தனை மணிக்குன்னு சொல்லுங்க.”